பதினொரு ஆணி

தெப்பக்காரர் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். காட்டில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகப் பிணைத்து, ரயில் பாலத்தடியில் இருந்த மரமில்லுக்கு இருபது வருஷம் ஓட்டி வந்த மனுஷர். தெப்பத்துக்கு இரண்டு பேர். முன்னால் அடிமரப் பக்கம் இவர், பின்னால் நுனிப் பக்கம் வால்காரன். சங்கிலி கோர்க்கும் இரும்பாணிகளை, மரத்துக்கு ஒன்றாக, அவரவர் பக்கத்தில் அவரவரே அடிப்பார்கள். கரை சேர்ந்ததும் அவரவரே பிடுங்குவார்கள். ஆணியோடு மரம் ரம்பத்துக்குப் போனால் அங்கே நிற்கிற ஆள் மிஞ்ச மாட்டான்.

ஒரு வெள்ளத்தில் தெப்பம் பாலத்தூணில் மோதிச் சிதறியது. பதினொரு மரங்கள் ஆற்றடிக்குப் போயின. வால்காரனும் போனான், பாவம். அதோடு இவர் ஆற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டார்.

காலப்போக்கில் பக்கத்துக் காடெல்லாம் மொட்டையாயிற்று. ரயில்காரர்களோ தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டை எங்கே, எங்கே என்று உயிரை வாங்கினார்கள். மூழ்கிய மரங்களைத் தூக்கச் சொன்னார் மில் மேனேஜர். தெப்பக்காரருக்கு அந்த மரங்களில் பிடுங்காமல் கிடந்த ஆணிகள்தான் நினைவுக்கு வந்தன. ரம்பத்தில் மரம் தள்ளுகிறவர் அவருடைய மாப்பிள்ளை அல்லவா! மகளுக்கு ஏழாம் மாதம் வேறு.

"நான் பாத்துச் சொல்ற வரைக்கும் ஒரு மரமும் உள்ள போகக் கூடாது" என்று மேனேஜரிடம் ஒற்றைக் காலில் நின்றார்.

கரையேற்றிய மரங்களில் மூன்று நாள் சேற்றைச் சுரண்டி, சுத்தியலால் தட்டி, துருவேறிய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டார்.

"என்ன மாமா, பொண்ணு பாக்கற மாதிரி சுத்திச் சுத்திப் பாக்கறீங்க?" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

"உங்களையும் இப்படித்தான் பாத்தேன். அப்பவே தட்டிப் பாத்திருக்கணும்."

பதினொன்றாவது ஆணி டப்பாவில் விழுந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. "சுத்தமா இருக்கு. ஓட்டுங்க மாப்பிள்ளை."

டப்பாவும் கையுமாக ஆற்றில் கால் கழுவப் போனார். எங்கோ தூரத்துக் காட்டிலிருந்து பாலத்துக்கு அடியில் ஒரு தெப்பம் வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒருவன். பின்னால் இன்னொருவன் குனிந்து, கழன்ற ஆணியைத் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தான்.

ஐயோ! வால்காரன் அடித்த ஆணிகள்! இருபது வருஷம் முன்பக்கமே பார்த்து நின்ற பாழாய்ப்போன கண், அடிமரத்தை மட்டுமே தேடியிருக்கிறது. நுனிப்பக்கம் அப்படியே கிடக்கிறது.

ஓடினார். மில்லுக்குள் ரம்பச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. அவருக்குத் தெரியும், ரம்பம் மரத்தின் நுனியை நெருங்கிவிட்டது. "நிறுத்துங்க!" என்று கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. டணாரென்று ஒரு சத்தம். பிறகு மில்லே அடங்கிப்போயிற்று.

மாப்பிள்ளை மேல் யாரோ கோணியைப் போர்த்தியிருந்தார்கள். மகள் வந்து விழுந்தாள்.

"மரத்துல ஆணி இருந்திருக்கும்மா" என்றார் மேனேஜர்.

அவள் சீறி எழுந்தாள். "எங்கப்பா தட்டிப் பாத்த மரம் சார் அது! அவரு பாத்தா ஆணி இருக்கவே இருக்காது. உங்க ரம்பத்தைப் பாருங்க!"

தெப்பக்காரர் கையில் இன்னும் அந்த டப்பா இருந்தது.

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.