முதல் கவளம்

கம்பத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்களில் ஒச்சாண்டி கேலிப்பேச்சுக்குப் பேர்போனவர். அப்படிப்பட்ட மனிதர் 2004 ஆடி மாதம், தனக்கு முன்னால் போன ஜீப் வளைவில் உருண்டதைக் கண்ணால் பார்த்தார். மறுநாளும் வண்டி எடுத்தார். விட்டால் டிரிப்பை இன்னொருவன் பிடித்துக்கொள்வான். பார்த்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதன் பிறகுதான் உடம்பு அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. படுத்தால் தூக்கமில்லை, உட்கார்ந்தால் படபடப்பு. ஒரு தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு மனைவி சுருளியம்மாளை அடிக்கக் கை ஓங்கிவிட்டார். பிறகு அந்தக் கையையே வெறித்துப் பார்த்தார். தான் இப்படிப்பட்ட ஆள் இல்லையே. அப்படியானால் யாரோ தன்னை இப்படி ஆக்கியிருக்க வேண்டும்.

யார்? சோறு போடுகிறவள்தான். மாமியார் வந்திருந்தபோது தாயும் மகளும் அடுப்படியில் குசுகுசுத்தது ஞாபகம் வந்தது. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் மருந்து வைப்பது ஊரில் கேள்விப்படாத விஷயமா என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருக்குக் குழம்பில் மிதந்த கறிவேப்பிலைகூடப் பேயாகத் தெரிந்தது.

"மொதல்ல நீ ஒரு வாய் தின்னு, பாப்போம்" என்றார்.

முதல் நாள் சுருளி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அடுத்த நாள் அழுதாள். பிறகு பேசாமல் தின்றுகாட்டப் பழகிக்கொண்டாள்.

ஆண்டிபட்டிப் பக்கம், இப்படி வயிற்றில் போன மருந்தை எடுக்கிறவர் ஒருவரிடம் போனார். அந்த ஆள் பச்சிலைச் சாற்றைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, மயிரும் மண்ணுமாக ஓர் உருண்டையைக் காட்டினார். "பொம்பளை கைவேலைதான், இனி அந்தக் கைச்சோறு ஆகாது" என்றார். அந்த உருண்டை அந்த ஆளின் மடியிலிருந்து வந்ததா என்று மட்டும் ஒச்சாண்டிக்குச் சந்தேகம் வரவில்லை.

நேரே ஜெயமங்கலத்தில் இருந்த அக்கா ஜக்கம்மா வீட்டுக்குப் போய்த் தங்கினார். அங்கே நாளுக்கு நாள் உடம்பு தேறியது. அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். அக்கா வைத்த உப்புக்கண்டக் குழம்பை விரல் நக்கிச் சாப்பிட்டார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சுருளியை அவள் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடப்போவதாகச் சொன்னார்.

ஜக்கம்மா அவரைப் பெரியகுளத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள். அந்தம்மா துருவித் துருவிக் கேட்டதில் உருண்ட ஜீப்பின் கதை முதல்முறையாக வாயைவிட்டு வந்தது. சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

"பயந்தா உடம்புல கார்ட்டிசால் மாதிரி ஹார்மோன்கள் சுரக்கும். பயம் தீர்ந்ததும் வடியணும். நீங்க தினமும் அதே வளைவுல ஏறுறீங்க, அது வடிய நேரமே இல்ல. தூக்கம் போகும், கோபம் வரும், கூட இருக்கிறவுகளையே சந்தேகப்படச் சொல்லும்."

"அப்ப அக்கா வீட்டுல மட்டும் எப்பிடி நல்லாருக்கு?"

"அங்கன ஜீப் ஓட்டுனீங்களா?"

டிரிப்பைக் குறைக்கவும், டீயைக் குறைத்து நேரத்தோடு தூங்கவும், வளைவுக்கு முன்னால் மூச்சை நிதானமாக விடவும், மனதில் இருப்பதை வீட்டில் சொல்லவும் டாக்டரம்மா சொன்னார். சுருளிதான் இந்தம்மாவிடம் முன்கூட்டியே பேசிவைத்திருப்பாளோ என்று யோசித்தபடியே ஒச்சாண்டி வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஜக்கம்மா வாயைத் திறந்தாள். "ஏலே, இத்தன நாளா நக்கி நக்கித் தின்னியே உப்புக்கண்டம், அது யாரு போட்டது? குழம்புத்தூள் யாரு அரைச்சது? எல்லாம் சுருளி பஸ்ஸுல குடுத்துவிட்டது. சொன்னா நீ திங்கமாட்டேன்னு மறைக்கச் சொன்னா."

அவருக்கு வெட்கத்தில் காது எரிந்தது. அப்படியே கம்பம் பஸ்ஸில் ஏறினார்.

அவரைக் கண்டதும் சுருளி தட்டை வைத்துச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர் அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் குனிந்து, அவர் சொல்லாமலே, அவர் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று காட்டினாள்.