பதினெட்டு வினாடிப் பச்சை

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரியும். என் மனைவிக்கு முழங்கால் பயிற்சி கொடுக்கும் அறை அங்கேதான் இருக்கிறது. அவள் பேரம் பேசும் காய்கறிக்காரி, அவளுடைய நான்கு சிநேகிதிகள், பஸ் நிறுத்தம் எல்லாமே அங்கேதான். இந்தப் பக்கம் இருப்பது நான் ஒருவன். நடுவில் ஆறு வண்டி அகலத்துக்கு ஒரு சாலை.

நடப்பவர்களுக்கென்று சிக்னல் ஒன்று உண்டு. அதில் பச்சை மனிதன் பதினெட்டு வினாடி எரிவான். கடைசி ஐந்து வினாடி காலை வேகமாக ஆட்டிக் காட்டுவான். "அவனே பயந்து ஓடுறான், நான் எங்கேங்க நடக்கிறது?" என்பாள் என் மனைவி. முழங்கால் அறுவைக்குப் பிறகு தடி ஊன்றித்தான் நடக்கிறாள்.

போன கோடையில் ஒரு காலை, அவள் பாதி தாண்டுவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. நடுத்திட்டு என்பது அங்கே ஒரு சாண் அகலக் கல். அதன் மேல் ஒரு காலும் சாலையில் ஒரு காலுமாக அவள் நின்றாள். ஒரு பஸ் அவள் முந்தானையை உரசிக்கொண்டு போனது. இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தினேனா என்று இன்றைக்கும் நினைவில்லை.

யாரோ சொல்லி விஷயம் ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரில் இருக்கும் மகன் காதுக்குப் போய்விட்டது. அவன் போனில் கண்டிப்பாகச் சொன்னான்: "அந்த சிக்னல் மாறலைன்னா அடுத்த மாசக் கடைசியில ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. அம்மா தனியா ரோட்டுல இறங்கக் கூடாது." அவன் வீடு பதினோராவது மாடி. அறுவை முடிந்து இரண்டு வாரம் அங்கே இருந்துவிட்டு வந்தவள் அவள். "ஜன்னல்ல உக்காந்து ஊரைப் பாக்க நான் என்ன புறாவா?" என்று போனை என் கையில் திணித்தாள்.

எங்கள் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் பச்சையை நீட்டச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதினோம். பதில் வந்தது. ஓர் அதிகாரி நேரில் வந்து, பெரியவர்கள் கடப்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்து முடிவு செய்வார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.

தப்பு நடந்தது இங்கேதான். அதில் என் பங்குதான் பெரியது.

சங்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தேய்ந்தவர்கள். நான் சனத்நகர் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல் காதில் விழுந்தால் எங்களுக்குக் கை தானாகத் துணியைத் தேடும். எண்ணெய்க் கறையைத் துடைப்போம். தகராறு செய்யும் மெஷினை அன்று ஒரு நாள் மட்டும் எப்படியாவது ஓட்டிக் காட்டுவோம். எங்கள் செயலாளர் தர சோதனைப் பிரிவில் இருந்தவர். முதல் நாள் மாலை கூட்டத்தில் விரலை ஆட்டிச் சொன்னார்: "நாளைக்கு எல்லாரும் நீட்டா வரணும் சார். தொங்கிப் போய் நின்னா சங்கத்துக்கு மானக்கேடு." நாங்களும் தலையாட்டினோம். எதற்கு மனுப் போட்டோம் என்பதை இன்ஸ்பெக்‌ஷன் என்ற அந்த ஒரு சொல் துடைத்துவிட்டது.

காலையில் பதினோரு பேர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றோம். நான் ஷூவுக்குப் பாலீஷ் கூடப் போட்டிருந்தேன். அதிகாரி சின்ன வயசு, மரியாதையான பையன். கடிகாரத்தோடு எதிர்ப்பக்கம் போய் நின்றான். நான் என் மனைவியின் தடியை வாங்கி இந்தப் பக்கத்து டீக்கடைச் சுவரில் சாய்த்தேன்.

"எதுக்குங்க?"

"ஆபீசர் முன்னாடி நொண்டிக்கிட்டா போவே? நான் பிடிச்சுக்கறேன், வா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பச்சை விழுந்தது.

ஓடினோம் என்றே சொல்லலாம். செயலாளர் ராணுவ அணிவகுப்பு மாதிரி முன்னே போனார். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. எதிர்ப்பக்கம் ஏறியபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

அதிகாரி கடிகாரத்தை அமுக்கிவிட்டுச் சிரித்தான். "பதினேழு! பெத்தவாள்ளந்தரூ ஃபிட்!" பெரியவர்கள் எல்லோரும் திடமாக இருக்கிறார்களாம். செயலாளர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம். நானும் தட்டினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் கைதட்டல் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "சார், நாம பாஸ் ஆயிட்டோம்," என்றார் செயலாளர், ரொம்ப மெதுவாக.

அந்தக் கையெழுத்து விழுந்தால் சிக்னல் மாறாது. மாதக் கடைசியில் பதினோராவது மாடி.

"சார், ஒரு நிமிஷம்…" என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பது? நாங்கள் நடித்தோம் என்றா?

அப்போது என் மனைவி என் கையை உதறினாள். அதிகாரியைப் பார்த்துத் தெலுங்கில், தன் தடி அந்தப் பக்கம் இருக்கிறது, போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். பச்சைக்காகக் காத்து நின்றாள். நான் அவள் பக்கத்தில் போனேன்.

"நக்கோ," என்றாள், வேண்டாம் என்று. ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் அவள் கற்றுக்கொண்ட முதல் சொல் அது. கோபம் வந்தால் இன்றும் அதுதான் வரும். "கூட வந்தீங்கன்னா நான் கொண்டாப்பூருக்கே போயிடுவேன்."

பச்சை விழுந்தது. தனியாக இறங்கினாள். வலது காலை வைத்து, இடது காலை இழுத்துச் சேர்த்து, மறுபடி வலது காலை வைத்து. அவளுடைய நிஜமான நடை. அதிகாரியின் கட்டைவிரல் கடிகாரத்தை அமுக்கியது. பத்து. பன்னிரண்டு. பச்சை மனிதன் ஓடத் தொடங்கினான். அவள் நடுத்திட்டுக்கு வரவில்லை. பதினாறு. பதினெட்டு.

சிவப்பு.

ஒரு தண்ணீர் லாரி உறுமியது. முன்னால் பைக்கில் நின்றவன் ஹாரனை அழுத்தி, "கைக்கு அம்மா, இத்னா ஸ்லோ?" என்றான், ஏன் இவ்வளவு மெதுவாக என்று. அவள் நின்று அவனைத் திரும்பிப் பார்த்து இந்தியில் பதில் சொன்னாள்: உனக்கும் இந்த வயசு வரும் தம்பி, அன்றைக்கு உன் பின்னால் நான் ஹாரன் அடிக்க மாட்டேன். சொல்லிவிட்டு மறுபடி வலது காலை எடுத்து வைத்தாள். லாரி நகர்ந்தது.

"ஆகண்டி! ஆகண்டி!" நில்லுங்கள் என்று கத்திக்கொண்டே அதிகாரி சாலையில் குதித்தான். இரண்டு கையையும் விரித்து லாரிக்கு முன்னால் நின்றான். கடிகாரம் அவன் கையில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவள் டீக்கடைச் சுவரைத் தொட்டபோது அதை அமுக்கினான்.

நாற்பத்தொன்று.

திரும்பி வந்தவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். "என்கிட்ட எதுக்கு சார் பொய் நடை நடந்தீங்க?" என்று மட்டும் இந்தியில் கேட்டான். செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். நான் என் பாலீஷ் ஷூவைப் பார்த்தேன்.

மூன்று வாரத்தில் பச்சை முப்பது வினாடி ஆனது. அவளுக்கு இன்னும் பதினொன்று குறைகிறது. ஆனால் நடுத்திட்டை அகலப்படுத்தி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டிருக்கிறார்கள். பாதி தாண்டி அங்கே நின்று, அடுத்த பச்சையில் மீதியைக் கடக்கிறாள். நான் இந்தப் பக்கமே நிற்க வேண்டும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அவள் உத்தரவு.

முதல் நாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது மகன் போன் செய்தான்.

"அம்மா எங்கப்பா?"

"நடுரோட்டுல நிக்கிறா."

"என்னப்பா சொல்றீங்க!"

"கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாப்பா. அடுத்த பச்சை வரட்டும், நீ அப்படியே லைன்ல இரு."