ஆறு அடுப்பு

கல்யாணம் முடித்து நான் குடிவந்தது துறைமுகத்துக்கு அருகே ஒரு வரிசையின் ஐந்தாவது வீட்டுக்கு. ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே கிணறு, பின்னால் சமைக்க ஒரே குசினி. அந்த வரிசையை இடித்துச் சரக்குக் கிட்டங்கி கட்டுவதற்கு விற்கச் சொந்தக்காரர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். நகரசபை முந்திக்கொண்டது. இடத்தைத் தானே எடுத்து, கூரையைத் திருத்தி, இருக்கிற குடும்பங்களுக்கே சிறு வாடகைக்குத் தருவதாக முடிவாயிற்று. எத்தனை குடும்பம் என்று பதிய ஒரு உத்தியோகத்தர் வந்தார்.

ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். எனக்கோ வாய் நீளம்.

குசினியை எட்டிப் பார்த்தவர், "எல்லாருக்கும் இது ஒண்டுதானோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தான்," என்றேன் பெருமையாக.

எழுதியதை அவர் வாசித்தார். "குசினி ஒன்று. குடும்பம் ஒன்று. அப்ப ஒரு பேருக்குத்தான் வீடு குடுக்கலாம்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மற்ற ஐந்து குடும்பத்தையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டேன்!

நாலாம் வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தா, கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். என்னைத் 'தங்கச்சி' என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆருடி உனக்குக் குடும்பம்? என்ர தேங்காய்த் திருவலையை எடுத்தா ஒருநாளாவது திருப்பித் தந்தியா நீ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அவர் கண்ணைச் சிமிட்டினார்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன். "பல்லுப் போன திருவலை ஆருக்கு வேணும்? நேற்று என்ர மீனைத் திண்டது உங்கட பூனைதானே!"

பூனை விஷயம் உண்மை. அதனால் சண்டை நன்றாகவே சூடு பிடித்தது. கத்திக் கத்தி எனக்கு இருமல் வந்தபோது ராத்தா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "குடிச்சிட்டு ஏசு தங்கச்சி, தொண்டை காயும்."

உத்தியோகத்தர் கோப்பால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போனார். திரும்பி வந்து முதல் எழுதியதை வெட்டினார். "உள்ளுக்கு ஆறு அடுப்பு இருக்கு. ஆறு அடுப்பெண்டா ஆறு குடும்பம்."

அந்த இடத்திலேயே ராத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அத்தனை சந்தோஷம்.

கதவுகளுக்கு இலக்கம் போட்டுக் கூரையும் திருத்தியபின் அவர் மறுபடியும் வந்தார். குசினியை ஆறாகப் பிரித்துச் சுவர் வைத்துத் தரலாம், விருப்பமா என்று கேட்டார்.

"வேண்டாம்!" என்றோம் ஆறு பேரும் ஒரே குரலில்.

அவர் சிரித்தார். "அப்ப நான் முதல் எழுதினதுதான் சரி."