தாரால் எழுதிய நான்கு எழுத்துகள்

ரோட்டுக்குத் தார் ஊற்றுகிற மணம் வந்தால் இன்றைக்கும் என் வலது கை தானாகச் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னுக்குச் சொல்ல வேண்டியது பின்னுக்கு வரும், ஆண்டுகள் மறந்து போகும். ஆனால் இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை, மறந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

பிற நாடுகளின் தலைநகரங்களில் இருந்துகொண்டு அரிசிக்காகவும் விதைக்காகவும் நம் நாட்டின் சார்பில் பேசிய ஒரு பெரிய மனிதர் அண்மையில் காலமானார். அவர் பெயரில் வெளிவந்த நினைவு மலரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். எங்களுக்கு அவர் பெரிய மனிதர் அல்ல, ‘விதைப்பெட்டி ஐயா’. உலகப்போருக்கு முந்திய காலம், எனக்குப் பத்து வயது, அவருக்கு இருபத்தைந்து இருக்கலாம். களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மனிதர். விவசாய இலாகாவில் புதிதாக உத்தியோகம் கிடைத்து, சைக்கிளைத் தோணியில் ஏற்றி, வாவியைக் கடந்து, எங்கள் படுவான்கரைக்கு வருவார். சைக்கிளின் பின்னால் சிறு சிறு அறைகள் வைத்த ஒரு மரப்பெட்டி, அறைக்கு ஒரு நெல்.

அவர் முதன்முதல் எங்கள் வயல் வட்டைக்கு வந்த அன்று, வரம்பில் நின்ற என் அப்பா எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

“கழிசான் போட்டவர் வெள்ளாமை படிப்பிக்க வந்திரிக்கார். இவர் சேத்துக்க இறங்கினா கழிசான்தான் விளையும், நெல்லு விளையாது.”

அவர் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினார். “விளைஞ்சா முதல் கழிசான் உங்களுக்குத்தான் அண்ணன்” என்றார். அப்பா சிரித்துவிட்டார். அன்றைக்கே வயலில் ஒரு மூலையை அவருக்கு விட்டுக் கொடுத்தார்.

அந்த மூலையில் நான்கு பாத்தி, நான்கு விதமான நெல். அதில் ஒன்று சீக்கிரம் விளைவது. மழை நிற்பதற்கு முன்பே கதிர் தள்ளிவிடும். மேட்டுக்காணி வைத்திருந்தவர்களுக்கு அதுதான் உயிர். எங்கள் அடுத்த வீட்டுத் தங்கம்மா மாமி, புருசன் இல்லாதவள், “அந்த நெல்லு சரி வந்தா எனக்குத்தான் முதல் தரவேணும் கா ஐயா” என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒவ்வொன்றும் விளைய விளைய வெட்டி, களத்தின் ஓரத்தில் வரிசையாக நான்கு சின்னப் போராகக் கதிரை அடுக்கி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைச் ‘சூடு’ என்போம். எந்தச் சூடு எந்த நெல் என்று தெரிய வேண்டுமே. ஐயா தேயிலைப் பெட்டிப் பலகையில் நான்கு துண்டு வெட்டி, ஒரு சிரட்டையில் தாரை உருக்கி, என்னைக் கூப்பிட்டார். “மகள், உன்ட எழுத்து வடிவு எண்டு வாத்தியார் சொன்னார். நாலு எழுத்து எழுதித் தா.” அ, ஆ, இ, ஈ என்று தென்னந்தும்பால் தொட்டுத் தொட்டு எழுதினேன். என் எழுத்தை யாரும் ஒரு காரியத்துக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

சூட்டுக்கு ஒரு பலகையாக என் எழுத்து களத்தில் தொங்கியது, நானோ களத்துக்குள் போகக் கூடாதவள். எங்கள் பக்கத்தில் அது பெரிய கட்டு. பெண்கள் கால் வைக்கக் கூடாது. ஆண்களும் உள்ளே போனால் வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது, நெல்லை நெல் என்று சொல்லாமல் ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும், இது என்ன அது எவ்வளவு என்று கேட்கக் கூடாது. கேட்டால் பூதம் விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பார்கள். நான் வேலிக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்ப்பேன். என் எழுத்து ஒழுங்காகத் தெரியாது.

மாடு விட்டுச் சூடு மிதிப்பதற்கு முதல் நாள் மத்தியானம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், உள்ளே போனேன். நான்கு பலகையையும் கழற்றி நிலத்தில் அடுக்கி வைத்துப் பார்த்தேன். வெயிலில் தார் இளகிக் கையில் ஒட்டியது. வாய்க்கால் பக்கம் ஆள் குரல் கேட்டது. பதறிப்போய், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த ஒழுங்கில் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தொங்கவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் போட்டு விரலைத் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது. முதல் சூட்டில் இருந்தது அ அல்ல, சீக்கிரம் விளையும் நெல்லுக்கு உரிய இ. ஐயா அடுக்கியது எழுத்தின் ஒழுங்கில் அல்ல, விளைந்த ஒழுங்கில்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் களத்துக்குள் போனதையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் யாருக்கு என்ன குறைந்தாலும் அம்மாவின் வளர்ப்பில் வந்து விடியும் என்று பயந்தேன். மறுநாள் அப்பா சோற்றுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார்:

“உங்கட விதைப்பெட்டி, பொலியைக் கையில அள்ளிப்போட்டு, ‘அண்ணன், இது மாறிக் கிடக்கோ’ எண்டு கேக்கத் தொடங்கிற்றார். ‘களத்துக்க கதையாதீங்க ஐயா’ எண்டு வாயை அடைச்சுப்போட்டன். பாவம், பலகையைப் பாத்துப்போட்டுப் பேசாம இருந்திற்றார்.”

தார்க் கறை போகாத வலது கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த மாரிக்கு, இ என்று தொங்கிய சூட்டின் நெல்லைச் சீக்கிரம் விளைவது என்று நம்பித் தங்கம்மா மாமியும் மேட்டுக்காணிக்காரர் ஏழெட்டுப் பேரும் விதைத்தார்கள். மழை நின்றது, கதிர் வரவில்லை. பிறகு வந்ததெல்லாம் உள்ளே அரிசி இல்லாத சப்பி. மாமி எங்கள் வாசலில் நின்று ஐயாவைப் பார்த்து, “படிச்ச கையால என்ட வயித்தில அடிச்சிற்றியே மகன்” என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நாளில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெட்டி கட்டிய சைக்கிள் தோணியில் ஏறியதைக் கரையில் நின்று பார்த்தேன்.

பிறகு அவர் கடல் கடந்து படித்தார், சுதந்திரத்துக்குப் பிறகு நாடு நாடாகப் போனார், பேப்பரில் படம் வந்தது. ஓய்வு பெற்றபின் ஒருமுறை, படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்க்க வந்தார். “என்ன ஐயா, கழிசான் விளைஞ்சிதோ?” என்று அப்பா கேட்டார். “விளைஞ்சிது அண்ணன். நெல்லுத்தான் பிழையாப் போயிற்று” என்றார். தேத்தண்ணி கொண்டுபோன என்னை நிமிர்ந்து பார்த்து, “நீதானே எனக்கு எழுதித் தந்த பிள்ளை? உன்ட எழுத்துச் சரிதான் மகள், என்ட கண்தான் பிழை. அதுக்குப் பிறகு மூண்டு தரம் பாக்காம ஒரு விதையும் நான் இந்த நாட்டுக்குள்ள விட்டதில்ல” என்றார். எனக்குப் பேரப்பிள்ளைகள் இருந்த வயது அது. பயப்பட அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை. ஆனாலும் கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

இப்போது அந்த வட்டையில் களம் இல்லை. மெசின் வயலிலேயே வெட்டி, தூற்றி, சாக்கில் நிரப்பித் தருகிறது. பெண்கள் பக்கத்தில் நின்று உரத்துக் கதைக்கிறார்கள், எந்தப் பூதமும் வரவில்லை. அவரும் இல்லை.

நினைவு மலரில், “இளம் வயதில் தமது கவனக்குறைவால் ஒரு கிராமத்தின் விளைச்சல் கெட்டதை அவர் இறுதிவரை மறக்கவில்லை” என்று ஒரு வரி இருக்கிறது. நான் எழுதியதில் வருடம் பிழையாக இருக்கலாம், அவர் போன நாடுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். அப்படியே அந்த வரியையும் திருத்திவிடுங்கள். அவர் கவனமாகத்தான் இருந்தார். பலகையை மாற்றித் தொங்கவிட்டது நான்.