மூன்று பக்கம் பார்த்த மூவர்

“எள்ளுத் தண்டிக் கல்லு. இதைப் பாக்கவா அஞ்சு வருசம் படிக்கணும்ங்கிற?” என்று கேட்டார் சித்தப்பா. தன் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடி, நான் கல்லூரி ஆய்வகத்தில் வளர்த்த கறுப்புப் படிகத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்த நேரம் அது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால், பழங்காநத்தத்தில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்த பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் சம்மதிக்காமல் வீட்டுப் பெண் வெளியூர் போக முடியாது. மூவரும் சேர்ந்து எதற்கும் தலையாட்டியதாகச் சரித்திரமும் இல்லை. அப்பா “போகட்டும்” என்றார். அந்த ஒரே காரணத்துக்காகப் பெரியப்பா “கூடாது” என்றார். பாவம் சித்தப்பா, அண்ணன்கள் இருவருக்கும் எதிராகவே பேசிப் பழகியவர். போகலாம் என்றால் ஒருவர் கட்சி, கூடாது என்றால் இன்னொருவர் கட்சி. காலையில் “போயிட்டு வா தாயி” என்பார். சாயங்காலம் “எதுக்கும் யோசிப்போம்” என்பார்.

என் படிகத்துக்குள்ளும் இதே குடும்பம்தான். அணுக்கள் முக்கோணமாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தத்துக்கு நேர் எதிராகத் திரும்ப முயலும். இரண்டு என்றால் சரி, மூன்றாவது எங்கே திரும்பும்? கடைசியில் மூன்றும் மூன்று பக்கம் பார்த்து நிற்கும். அக்கா கல்யாணப் போட்டோவில் பெரியப்பா பந்தியையும், அப்பா மணமேடையையும், சித்தப்பா வாசலையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, அப்படி. இந்தக் கோணல் நிலையால் சில படிகங்களின் உள்ளே மின்சாரம் அடைபட்டுப்போகும். ஓரத்தில் மட்டும், எது குறுக்கே வந்தாலும் சுற்றிக்கொண்டு, ஒரே திசையில் ஓடும். வந்த வழியே திரும்பாது. இதைத்தான் நான் படிக்கப்போவதாகச் சொன்னேன்.

“நடுவுல ஜாமு, ஓரத்துல ஓட்டம். தெனமும் திருநகருக்கு நான் அப்படித்தான போறேன்? எனக்கு எவனும் டாக்டர் பட்டம் குடுக்கலையே!” என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “திரும்பாதுன்னு சொன்ன பாரு, அதை மட்டும் பெரியப்பாகிட்டச் சொல்லிறாத.” ரயில் ஏறும் நாள் வந்தபோது பெரியப்பாவும் அப்பாவும் உள்ளே சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா என் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். “நான் ‘போ’ன்னும் சொல்லல, ‘போகாத’ன்னும் சொல்லல. ஜங்ஷனுக்குச் சவாரி போறேன். ஏறு.” நெரிசலில் சாக்கடை ஓரமாகவே ஓட்டி ரயிலைப் பிடித்துவிட்டார்.

ஆராய்ச்சி முடிந்து ஜப்பானில் வேலை கிடைத்ததும் அப்பா “போகட்டும்” என்றார், பெரியப்பா “கூடாது” என்றார். விமான நிலையத்துக்கும் சித்தப்பாவுக்கு எப்படியோ ஒரு சவாரி அமைந்துவிட்டது. இப்போது ஜப்பான் ஆய்வகத்தில் என் கையுறைமேல் எள்ளைவிடச் சிறிய படிகம் ஒன்று இருக்கிறது. இதன் ஓரத்தில் ஓடும் மின்சாரத்தை நேற்றே அளக்கத் தொடங்கிவிட்டேன். நான் ஜப்பானுக்குப் போகலாமா கூடாதா என்று பழங்காநத்தத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.