வலப்பக்கம் ஏன் காலி?

அவளை வீட்டில் டப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு வயது, இணையதளம் வடிவமைக்கிற வேலை. கணினியைத் தொடும் முன் தாள் தாளாகக் கட்டம் போட்டுப் பார்ப்பாள். அதைப் பார்த்து அவளுடைய அண்ணன் வைத்த பெயர் அது. அவர் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வலப்பக்கப் பார்வையும் போயிற்று. கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொள்வதில்லை. அவரைப் பகலில் கவனித்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

என் வேலைக்கு ஒரு நோட்டு உண்டு. ரத்த அழுத்தம், சாப்பிட்டது, சிறுநீர் போனது, புதிதாகச் செய்தது, செய்ய முடியாமல் போனது எல்லாவற்றையும் மணி போட்டு எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் இருக்கும். தாளைக் கிழிக்கக்கூடாது, எழுத்தை அழிக்கக்கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோட்டில் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது.

டப்பா முன்பு ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் இருந்தாள். பத்துத் தளத்தைப் பார்த்துப் பதினொன்றாவதைச் செய்வதுதான் அங்கே வேலை. ஒரு நாள் பல் டாக்டருக்கும் டயர் கடைக்கும் ஒரே முகப்பைப் போட்டுக் கொடுத்திருந்தது அவளுக்கே தெரியவந்தது. இரண்டு பேருமே ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்களாம். அதுதான் தாங்கவில்லை என்றாள். வேலையை விட்டு, வீட்டு முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரி, நோயாளிகள் நேரம் பதிவு செய்ய ஒரு தளம் வேண்டும் என்று அறிவித்தது. டப்பா ஒரு மாதிரித் தளம் செய்து, அண்ணனின் போனில் திறந்து காட்டினாள். பட்டன் வலப்பக்கம் இருந்தது. அவர் பத்து நிமிஷம் வெறித்துப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் எல்லாவற்றையும் இடப்பக்கம் நகர்த்தினாள். இடது கட்டைவிரலாலேயே தட்டிவிட்டார். அதன்பின் வலது பாதியை வெறும் வெள்ளையாக விட்டாள். அண்ணன் பார்ப்பதற்காக அந்த மாதிரித் தளம் ஆறு வாரம் இணையத்தில் திறந்தே கிடந்தது. பூட்டு ஏதும் போடவில்லை. அவர் தட்டியதை நான் அவருடைய முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டேன். தளத்தைப் பற்றி எனக்கென்ன.

தளத்தை அனுப்பிய பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. அவள் அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே வேறொரு நிறுவனம் அனுப்பிய தளமும் அச்சு அசலாக இப்படியே இருக்கிறது. இருவரும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆதாரத்தோடு வர வேண்டும். நகலடித்தவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் தெரிவிக்கப்படும். அப்படி ஒரு கடிதம் சுற்றிவந்தால் அவளுக்கு யாரும் வேலை தர மாட்டார்கள்.

டப்பாவிடம் ஆதாரம் இல்லை. ஒரே கோப்பின் மேலேயே திரும்பத் திரும்பச் சேமிப்பது அவள் பழக்கம். கேட்டால் கணினி கடைசித் தேதியைத்தான் காட்டியது. கட்டம் போட்ட தாள்களில் தேதியே கிடையாது. செவ்வாய் காலை என் நோட்டைக் கேட்டாள். அது அவருடைய விவரம் என்பதால் அண்ணனிடம் கேட்டேன். தலையாட்டினார்.

மூன்று இடத்தில் இருந்தது. பட்டன் வலப்பக்கம் இருந்த நாள், இடப்பக்கம் போன நாள், வலது பாதி வெள்ளையான நாள். அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் முகம் செத்துப்போயிற்று. அறுபத்தொன்றாம் பக்கம். "பிற்பகல் 3.10. ஆறு படங்களில் நான்கைச் சரியாகச் சொன்னார். படங்கள் வேறொரு மருத்துவமனைத் தளத்திலிருந்து தற்காலிகமாக எடுத்தவை என்று தங்கை கூறினார்." நோயாளியிடம் எதைக் காட்டிக் கேட்டோம் என்பதையும் எழுதுவது வழக்கம்.

கட்டில், ஊசி, மாத்திரை, கண், இதயம், சிறுநீரகம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தளத்தில் வைத்தவள் மறந்தே போய்விட்டாள். எல்லாம் தன் சொந்த ஆக்கம் என்று கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தாள்.

"சிஸ்டர், இந்த ஒரு தாள் மட்டும் வேண்டாம்."

"அறுபதுக்கு அப்புறம் அறுபத்திமூணு வந்தா, முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

"அப்போ மூணு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோம்மா. நோட்டைக் கேட்டாங்கன்னா முழுசாத்தான் குடுப்பேன்."

"நீங்க யாருக்கு வேலை பாக்கறீங்க?"

"உங்க அண்ணனுக்கு."

அவள் மேஜையிலிருந்த தாள்களைத் தள்ளிவிட்டாள். மணி பத்தேகால். கட்டிலில் இருந்தவர் வாயைக் கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக இழுத்தார்.

"பிரேக் இல்லையா... முன்னாடியே ஹாரன் அடி."

டப்பா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நோட்டை எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து வீட்டு அம்மாவை அவருக்குத் துணையாக உட்கார வைத்தேன்.  

ஆஸ்பத்திரியில் ஒரு நீள மேஜை. ஒரு முனையில் நிர்வாகி அம்மாள், சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரை. எதிரே அந்த இன்னொரு நிறுவனத்தின் டை கட்டிய ஆள், அவர் முன் கனத்த கோப்பு. திரைகளைப் பார்த்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. நிர்வாகி அம்மாள் இருவரையும் ஒரே கேள்விதான் கேட்டார். வலப்பக்கம் ஏன் காலி?

டைக்காரர் முந்திக்கொண்டார். கண்ணுக்கு ஓய்வு வேண்டும், இப்போதெல்லாம் இதுதான் அழகு, எங்கள் குழு பல வாரம் யோசித்துச் செய்தது என்றார். தளத்தில் இருப்பது ஒவ்வொன்றும் தங்கள் சொந்தக் கைவேலை என்றும் சேர்த்துக்கொண்டார்.

டப்பா எழுந்து நின்றாள். 

"அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், மேடம். இந்த ஆறு படம் என்னோடது இல்ல. வேற ஆஸ்பத்திரி தளத்துல எடுத்தது. மாத்த மறந்துட்டேன். இந்த நோட்டுல தேதியோட இருக்கு."

டைக்காரர் சிரித்தார். நிர்வாகி அம்மாள் சிரிக்கவில்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைகளைப் பார்த்தார். இடது திரையில் கட்டில், ஊசி, மாத்திரை. வலது திரையிலும் அதே கட்டில், அதே ஊசி, அதே வளைவோடு அதே சிறுநீரகம்.

"இது உங்க சொந்தக் கைவேலையா, சார்?"

டைக்காரர் கோப்பைத் திறந்தார், மூடினார். குழுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவள் திருடி வைத்ததையும் சேர்த்தே தூக்கியிருக்கிறார்கள்.

பிறகுதான் டப்பா அண்ணனைப் பற்றிச் சொன்னாள். மற்ற மூன்று பக்கங்களையும் காட்டினாள். நரம்பு வார்டிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்துக் கேட்டார்கள். இந்த மாதிரி நோயாளிகள் தினமும் வருகிறார்கள் என்று அவர் சொன்னார்.

டைக்காரரின் நிறுவனம் பட்டியலிலிருந்து போயிற்று. டப்பாவும் தப்பிவிடவில்லை. பொய்யான உறுதிமொழி கொடுத்ததாக எழுத்தில் எச்சரிக்கை, அது அவள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும். படங்களுக்குச் சொந்தமான மருத்துவமனைக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். பத்து நாளில் சொந்தப் படங்களோடு தளத்தைத் திரும்பக் கொடுத்தால் மட்டும் பரிசீலிப்பார்கள்.

கடிதத்தை அன்று மதியமே எழுதி அனுப்பினாள். வியாழக்கிழமை ஆறு படங்களையும் வரைந்து, அண்ணனின் இடப்பக்கமாக வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசிப் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். சொன்னதைக் கேட்டு அவள் ரப்பரைத் தேடிக்கொண்டு போனாள். நான் நோட்டை எடுத்து எழுதினேன்:

"பிற்பகல் 3.40. ஆறில் ஐந்து சரி. சிறுநீரகத்தை முந்திரிப்பருப்பு என்றார். படங்கள் தங்கை வரைந்தவை."