இறந்தவர் பட்டியலில் கசிமிரோ அயாலா

என்கர்நாசியோன் நகர அரசு மருந்தகத்தில் தெல்மிரா ஓவெலார் எனக்கு அடுத்த மேசை. இங்கே மருந்து வாங்கும் சர்க்கரை நோயாளிகளின் பட்டியலைக் கணினியில் பராமரிப்பது அவள் வேலை. வீடு மாறியவர், புதிதாகச் சேர்ந்தவர், இறந்தவர் என்று தினமும் நூற்றுக்கணக்கில் திருத்தங்கள் வரும். ஒவ்வொன்றாக அனுப்பினால் பாதி நாள் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் நிரலை அவளே எழுதினாள். நான்கே நிமிடம். அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம்.

கட்டுக்குள் ஒரு திருத்தக் கட்டளை தவறினாலும் மொத்தமும் ரத்தாகும்படி ஓர் ஏற்பாடு உண்டு. சோதனையின்போது அதை நிறுத்தியவள், திரும்பப் போட மறந்துவிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை எழுத்தர் ஒருவர், இறந்த ஒரு நோயாளியின் பதிவு எண்ணுக்குப் பதிலாகக் கசிமிரோ அயாலா என்பவரின் எண்ணைத் தட்டிவிட்டார். அரை மணியில் தவறு தெரிந்து, உயிரோடிருக்கிறார் என்று திருத்தமும் போட்டார். இரண்டும் ஒரே கட்டுக்குள் சேர்ந்தன. நடுவில் யாரோ ஒருவரின் முகவரி. குவாரனி மொழி ஊர்ப்பெயர், அதற்குள் ஓர் ஒற்றை மேற்கோள் குறி. பெயர் அங்கேயே முடிந்ததாக எடுத்துக்கொண்டு தரவுத்தளம் குழம்பி நின்றது. முன்னால் போனவை பதிவாகிவிட்டன. பின்னால் இருந்தவை போகவேயில்லை. பிழை ஒரு கோப்பில் விழுந்தது. அதை யாரும் திறக்கவில்லை.

திங்களன்று கசிமிரோ இன்சுலின் வாங்க வந்தார்.

“பெரியவரே, நீங்க செத்துட்டதா இருக்கு,” என்றான் மருந்து கொடுக்கும் சன்னலில் இருந்த விடால்.

“என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத. மாண்டியோகா கிழங்கு வேகவச்சிருக்கா, சாப்பிட்டுட்டு சாவறேன்.”

வரிசையே சிரித்தது. விடால் மனு எழுதி வாங்கினான். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. கசிமிரோ இன்னும் இரண்டு முறை வந்தார். கடைசி முறை அவர் சிரிக்கவில்லை. அந்தத் திங்களிலிருந்து பதினோராம் நாள் இறந்துபோனார்.

மனைவி எலீஜியா இறப்புச் சான்றிதழோடு தெல்மிராவிடம் வந்தாள்.

“ஏற்கெனவே பேரு எடுத்தாச்சுன்னு காட்டுதேம்மா.”

“ஆமா மகளே. நீங்கதான் முந்திக்கிட்டீங்களே.”

அவள் போனபின் தெல்மிரா பிழைக் கோப்பைத் திறந்தாள். நாற்பத்துமூன்று கட்டளைகள் ஓடாமல் கிடந்தன.

“சாவுக்குக் காரணம் இதயம்னுதானே டாக்டர் எழுதியிருக்காரு,” என்றேன்.

“பதினோரு நாள் மருந்தில்லாத இதயம்,” என்றாள்.

அன்றே நிரலைச் சரிசெய்து, மிச்சமிருந்தவற்றை மொத்தமாக அனுப்பினாள். ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

மறுநாள் காலை, அன்றைய பட்டியலை விடால் வாசித்தான். “கசிமிரோ அயாலா.” யாரும் எழவில்லை. “கசிமிரோ அயாலா, மருந்து ரெடி.” பெயரொட்டிய பொட்டலம் சன்னலில் இருந்தது. தெல்மிராவின் கையிலிருந்த தெரரே மூலிகைப் பானக் குவளை சாய்ந்து, தண்ணீர் மேசையெங்கும் ஓடியது. நாற்பத்துமூன்றில் அவருடைய திருத்தமும் ஒன்று. பட்டியலில் அவர் உயிரோடு எழுந்துவிட்டார்.

சான்றிதழை முன்னால் வைத்துக்கொண்டு நண்பகல்வரை உட்கார்ந்திருந்தாள்.

“இறந்துட்டாருன்னு நீ அடிச்சுடேன்,” என்றாள் என்னிடம்.

“என்னால ஆகாது தெல்மிரா.”

“சரி. முதல் தடவை அனுப்பினதும் நான்தானே.”

ஒற்றைக் கட்டளையைத் தட்டினாள். ஒரு வரி மாற்றப்பட்டது என்று திரை சொன்னது.

நடந்ததை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு, பிரதி ஒன்றோடு எலீஜியாவின் வீட்டுக்குப் போனாள். எலீஜியா வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவுமில்லை.

தெல்மிராவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. நிரல் அதன்பின் தவறியதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டும் போனபிறகு அவள் ஒரே ஓர் எண்ணைத் தட்டிப் பார்க்கிறாள்.

“என்ன பாக்குற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மறுபடி எழுந்துட்டாரான்னு.”